தொராங் லா தாண்டி முக்திநாத்: 9 நாள் போதுமா?

கேள்வி: 11 ஆகஸ்ட் 2024

அக்டோபர்ல நேபாளத்துல அன்னபூர்ணா சர்க்யூட், அதாவது அன்னபூர்ணா மலைய சுத்தி வர்ற நடைபாதை, போலாம்னு இருக்கேன். அம்மாவுக்கு சாளக்கிராமம், அதாவது முக்திநாத் பெருமாள் கோயில், சேவிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, 108 திவ்ய தேசத்துல வடக்க அவங்களுக்கு அது ஒன்னுதான் பாக்கி. அவங்க ஒரு யாத்திரை குரூப்போட போகரா வந்து, ஃப்ளைட்ல ஜோம்சோம் இறங்கி, முக்திநாத் வந்துடுவாங்க. நான் மனாங் பக்கத்துல இருந்து தொராங் லா கணவாய் தாண்டி நடந்தே வந்து, கோயில் வாசல்ல அவங்களோட சேந்துக்கலாம்னு ப்ளான். வயசு 36, சென்னை. ஹாஃப் மாரத்தான் நாலு ஓடியிருக்கேன், வெள்ளியங்கிரி மூணு தடவை. காத்மாண்டு டு காத்மாண்டு 9 நாள் லீவு. போதும்தானே?

பதில்: 11 ஆகஸ்ட் 2024, இரவு 10.40

போதாது.

கணக்கு போட்டுப் பாருங்க. காத்மாண்டுல இருந்து பெசிசஹர் ஒரு நாள். அங்க இருந்து ஜீப்ல சாமே வந்து சேர இன்னொரு நாள், அந்த ரோட்டுல ஜீப்ல போறதுக்கு நடந்தே போயிருக்கலாம்னு இடுப்பு சொல்லும். அந்தப் பக்கம் முக்திநாத்ல இருந்து போகரா, காத்மாண்டுன்னு ரெண்டு நாள். மிச்சம் அஞ்சு நாள். அந்த அஞ்சு நாள்ல சாமே 2670 மீட்டர்ல இருந்து கணவாய் 5416 மீட்டருக்கு ஏறி அந்தப் பக்கம் இறங்கணும். கால் ஏறிடும்ங்க, அதுல சந்தேகமே இல்ல. தலைதான் கூட வராது.

நம்ம ஊர்ல உசரம்னா தொட்டபெட்டா, 2637 மீட்டர். மனாங்ங்கறது ஒரு ஊரு, ஜனங்க வீடு கட்டி உருளைக்கிழங்கு போட்டு குடித்தனம் நடத்துற ஊரு, அதுவே தொட்டபெட்டாவ விட 900 மீட்டர் மேல. கணவாய் உச்சியில காத்தழுத்தம் கடற்கரையில இருக்கறதுல பாதிதான், அதாவது நீங்க மெரினாவுல ஒரு மூச்சுல இழுக்கற ஆக்ஸிஜனுக்கு அங்க ரெண்டு மூச்சு இழுக்கணும், அதுவும் முதுகுல மூட்டையோட, மைனஸ் பத்து பதினஞ்சுல, விடிகாலைல.

நான் ரெண்டு தடவ போயிருக்கேன். 2017 நவம்பர்ல ஹை கேம்ப் (கணவாய்க்கு முன்னாடி கடைசியா தங்கற இடம்) வரைக்கும் போய் வயிறு கெட்டுப்போனதால திரும்பிட்டேன். 2022 நவம்பர்ல தாண்டினேன். ரெண்டாவது தடவ காத்மாண்டு டு காத்மாண்டு 15 நாள் வச்சிருந்தேன், அதுல ஒரு நாள் கூட வீண் இல்ல. ஏஜென்ட் யாராவது "9 டேஸ் கம்ஃபர்டபிள் சார்"னு சொன்னா, எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க.

12 ஆகஸ்ட் 2024

ஒரு திருத்தம், யாராவது கேக்கறதுக்கு முன்னாடி நானே போட்டுடறேன். மனாங் 3519னு ஒரு போர்டுல இருக்கும், 3540னு இன்னொரு இடத்துல இருக்கும். ஊர் சரிவுல இருக்கு, எந்தத் திண்ணையில நின்னு அளந்தாங்களோ. நான் 3540னு எடுத்துக்கறேன்.

அப்புறம் "தொராங் லா கணவாய்"னு எழுதறோம் பாருங்க, திபெத் பாஷையில "லா"ன்னாலே கணவாய்தான். நடு சென்டர்ங்கற மாதிரி. போன வாரம் வீட்ல கணவாய் பத்தி எழுதிட்டு இருக்கேன்னு சொன்னதுக்கு, தூத்துக்குடிக்காரங்களான என் மாமியார் "பிரட்டலா, வறுவலா"ன்னு கேட்டாங்க. கோயமுத்தூர்க்காரன் எனக்குத் தெரிஞ்ச ஒரே கணவாய் பாலக்காட்டு கணவாய், ட்ரெயின்ல தூங்கிட்டே தாண்டுறது.

15 ஆகஸ்ட் 2024

மாரத்தான் ஓடினவனுக்கு எதுக்கு இவ்ளோ பயம் காட்றீங்கன்னு தனி மெசேஜ்ல கேட்டிருக்கீங்க. தம்பி, பயம் காட்டல. நல்லா ஓடறவங்கதான் அங்க அதிகமா மாட்டறாங்க, காரணம் சிம்பிள். மூச்சு வாங்கறவன் தானா மெதுவாப் போவான். உங்கள மாதிரி ஆளு மத்தியானம் பன்னண்டுக்கே அடுத்த ஊர் சேந்துட்டு, இன்னும் வெளிச்சம் இருக்கேன்னு அதுக்கடுத்த ஊருக்கும் போயிடுவான். ராத்திரி படுக்கறப்போ நேத்து படுத்ததுக்கு 900 மீட்டர் மேல இருப்பான். 3000 மீட்டர் தாண்டிட்டா ஒரு நாளைக்கு படுக்கற உசரம் 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவ ஏறாம ஒரே ஊர்ல ரெண்டு ராத்திரி தங்கணும். இத உடம்பு தன் வேகத்துல பண்ணிக்கற வேலைன்னு நினைச்சுக்கங்க, ஜிம்முக்குப் போய் அவசரப்படுத்த முடியாது.

வெள்ளியங்கிரி நல்ல ட்ரெயினிங்தான், இல்லேங்கல. ஆனா அது கால், முட்டிக்கு. ஏழாவது மலையே 1800 மீட்டர் தொடாது. ராத்திரி ஏறி காலைல இறங்கி மத்தியானம் அன்னபூர்ணாவுல சாப்புடலாம் (ஓட்டல்ங்க, மலை இல்ல).

16 ஆகஸ்ட் 2024

டயமாக்ஸ் (உசரத்து நோய் வராம இருக்க போடற மாத்திரை) பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. நான் போடல. மாத்திரை போட்டு ஏறறது எனக்கு என்னமோ பிட் அடிச்சு பாஸாகற மாதிரி. பூண்டு சூப் குடிங்க, லாட்ஜ் லாட்ஜா கிடைக்கும், ரத்தத்த இளக்கும்னு ஊர்க்காரங்களே சொல்றாங்க, அது போதும்.

17 ஆகஸ்ட் 2024, காலை

மேல இருக்கறத நானே வெட்டிடலாம்னு பாத்தேன், சரி இருக்கட்டும், தப்பு தப்பாவே தெரியட்டும். எங்க வீட்டு டாக்டரு, என் சின்ன அக்கா, நேத்து படிச்சிட்டு ஃபோன் போட்டு திட்டினாங்க. டயமாக்ஸ்ங்கறது அசிட்டசோலமைடு, அது அறிகுறிய மறைக்கற மாத்திரை இல்ல, உசரத்துக்கு உடம்பு பழகறத நெஜமாவே வேகப்படுத்துது. சிறுநீர் வழியா பைகார்பனேட்ட வெளிய தள்ளும், ரத்தம் கொஞ்சம் அமிலமாகும், அதனால மூச்சு ஆழமா வரும், முக்கியமா தூக்கத்துல. வழக்கமா 125 மில்லிகிராம் காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு, ஏறறதுக்கு முதல் நாள்ல இருந்து. சல்ஃபா அலர்ஜி இருக்கறவங்க டாக்டரக் கேக்காம தொடவே கூடாது. விரல் நுனி, உதடு எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், ராத்திரி நாலு தடவ எழுந்திருக்கணும், கோக் குடிச்சா கேஸ் போன மாதிரி இருக்கும். பிட் அடிக்கறதுன்னு நான் சொன்னது வெத்து வீராப்பு.

பூண்டு சூப் நல்ல சூப். அவ்வளவுதான்.

24 ஆகஸ்ட் 2024

லீவ 14 நாளா ஆக்கிட்டேன்னு சொன்னீங்க, நல்ல முடிவு. இப்போ தூக்கம் எங்கெங்கன்னு சொல்றேன், பாத்து மாத்திக்கங்க.

பெசிசஹர் (760 மீட்டர்), அடுத்த நாள் ஜீப்ல சாமே. இங்கயே ஒரு எச்சரிக்கை: ஜீப் நேரா மனாங்குக்கே போகுது இப்போ. டிரைவரும் "ஒரே நாள், ஒரே நாள்"னு கூப்புடுவார். 760ல காலை டீ குடிச்சிட்டு 3540ல ராத்திரி படுத்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சாமேல இறங்கிடுங்க. அடுத்து அப்பர் பிசாங், 3300. கீழ ரோடு நேரா போகும், அதுல போகாதீங்க, மேல க்யாரு வழியாப் போங்க. க்யாருவுக்கு ஏறற அந்த ஒரு மணி நேர ஏத்தத்துல என்னைத் திட்டுவீங்க, மேல ஏறி திரும்பிப் பாத்தா அன்னபூர்ணா இரண்டு, 7937 மீட்டர், கை நீட்டினா தொடலாம்ங்கற மாதிரி மூஞ்சிக்கு நேரா நிக்கும், திட்டினத வாபஸ் வாங்கிக்கலாம். க்யாரு 3670, அங்க படுக்காம நவால் வரைக்கும் போயி தங்குங்க, அதுவும் கிட்டத்தட்ட அதே உசரம். அப்புறம் கொஞ்சம் இறங்கினாப்ல மனாங்.

மனாங்ல ரெண்டு ராத்திரி கட்டாயம், முடிஞ்சா மூணு. சும்மா படுத்துக் கிடக்காதீங்க. காலைல கங்காபூர்ணா ஏரிக்கு மேல இருக்கற வியூ பாயின்ட்டுக்கோ, தெம்பிருந்தா 4600ல இருக்கற ஐஸ் லேக்குக்கோ ஏறிட்டு, கீழ வந்து படுங்க. மத்தியானம் மூணு மணிக்கு ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்துற எய்ட் போஸ்ட்ல சீசன்ல ஒரு பேச்சு இருக்கும், டாக்டருங்க உசரத்து நோய் பத்தி சொல்லுவாங்க, தவறாம உக்காருங்க. 2017ல நான் போகல. பக்கத்து பேக்கரில சீ பக்தார்ன் (ஒரு புளிப்புப் பழம்) ஜூஸும் ஆப்பிள் பையும் சாப்ட்டுட்டு உக்காந்திருந்தேன்.

அடுத்து யாக் கர்கா 4050, தொராங் ஃபேடி 4450, கணவாய் 5416, அந்தப் பக்கம் முக்திநாத். ஹை கேம்ப் 4880ல படுக்கறதா ஃபேடியில படுக்கறதாங்கறது பெரிய சண்டை. ஹை கேம்ப்ல படுத்தா கடைசி நாள் ஏத்தம் 540 மீட்டர் போல, ஃபேடியில படுத்தா 960 போல. ஆனா 4880ல ராத்திரி தூக்கம் வராது. நான் ஃபேடி கட்சி.

25 ஆகஸ்ட் 2024

செலவு கேட்டவருக்கு: அன்னபூர்ணா ஏரியா பர்மிட் வெளிநாட்டுக்காரங்களுக்கு 3000 நேபாள ரூபாய், சார்க் நாட்டுக்காரங்க நமக்கு 1000. விசா வேண்டாம். நம்ம 100 ரூபாய் அவங்க 160, 1993ல இருந்து அப்படியே கட்டிப் போட்டிருக்காங்க. கைடு இல்லாம தனியாப் போகக்கூடாதுன்னு 2023 ஏப்ரல்ல ரூல் போட்டுட்டாங்க. நான் 2022ல போர்ட்டரோட மட்டும் போனேன், இப்போ நீங்க கைடு எடுத்துக்கங்க, ரூலுக்காக இல்லேன்னாலும் எடுத்துக்கங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன். ரூம் வாடகை ஒன்னுமே இல்ல, ராத்திரி சாப்பாடும் காலை டிஃபனும் அங்கயே சாப்புடணும், அதுதான் கண்டிஷன். மேல போகப்போக விலை ஏறும், எல்லாம் கழுதை முதுகுல வர்ற அரிசி.

2 செப்டம்பர் 2024

துணிமணி. லிஸ்ட் எல்லாம் எங்கயும் கிடைக்கும், அதுல இல்லாதத மட்டும் சொல்றேன்.

மங்கி குல்லா. சிரிக்காதீங்க, ஆயிரக்கணக்குல குடுத்து வாங்கின தொப்பி எல்லாம் காது விட்டு காத்து வாங்கும், நம்ம தாத்தா மார்கழில போடற மங்கி குல்லாதான் கணவாய் உச்சியில வேலை செஞ்சது. தண்ணி பாட்டில தலைகீழா வைங்க, ஐஸ் மேல இருந்துதான் பிடிக்கும், அப்போ மூடிப்பக்கம் திறக்க வரும். ட்யூப் வச்சு உறிஞ்சற பை கொண்டு போனீங்கன்னா ட்யூப் உறைஞ்சு போய் முதுகுல ரெண்டு லிட்டர் தண்ணியோட தாகத்துல நடப்பீங்க. ஃபோன், பவர் பேங்க், கான்டாக்ட் லென்ஸ் பாட்டில் எல்லாம் ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள, உங்க கூடயே. ஒரு பாட்டில்ல வெந்நி வாங்கி சாக்ஸுக்குள்ள போட்டு கால்கிட்ட வச்சா விடியற வரைக்கும் சூடு, காலைல அதையே குடிக்கலாம் (சாக்ஸ் புதுசா இருந்தா).

பருப்புப் பொடி, ஊறுகாய். உசரத்துல பசியே எடுக்காது, தால் பாத் நல்லாத்தான் இருக்கும், கேக்கக் கேக்க போடுவாங்க, ஆனா எட்டாவது நாள் தட்டப் பாத்தாலே குமட்டும். ஹை கேம்ப்ல தண்ணி 84 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், குக்கர் இல்லேன்னா சோறு விதை விதையாத்தான் இருக்கும்.

டாய்லெட் பத்தியும் யாராவது சொல்லணுமில்ல. ஃபேடியில விடிகாலை மூணு மணிக்கு கதவத் திறந்தா தரையெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ். ட்ரம்ல மேல ஒரு தட்டு ஐஸ், அத மக்கால தட்டி உடைச்சாத்தான் தண்ணி. அந்த மக் சத்தம் ஒவ்வொரு ரூமா கேக்கும், யார் யார் கிளம்பிட்டாங்கன்னு அத வச்சே தெரிஞ்சுக்கலாம்.

14 செப்டம்பர் 2024

அம்மாவோட டிக்கெட் போட்டாச்சு, 25 அக்டோபர் முக்திநாத், 26 காலை ஜோம்சோம்ல இருந்து ஃப்ளைட், அதனால நான் 25 சாயங்காலத்துக்குள்ள கணவாய் தாண்டியாகணும்னு எழுதியிருக்கீங்க.

இந்த "தாண்டியாகணும்" எனக்குப் பிடிக்கல.

2014 அக்டோபர் 12 விசாகப்பட்டினத்துல ஹுட்ஹுட் புயல் கரை ஏறுச்சு. நம்மல்லாம் டிவியில வைசாக் ஏர்போர்ட் கூரை பிஞ்சு தொங்கறதத்தான் பாத்தோம். அந்தப் புயலோட மிச்சம் வடக்க போய் 14ஆம் தேதி இதே தொராங் லாவுல பனியா கொட்டுச்சு. நல்ல சீசன், தெளிஞ்ச வானம்னு நம்பி ஏறின ஜனங்க. அன்னபூர்ணா, தவளகிரி சுத்து வட்டாரத்துல 40 பேருக்கு மேல செத்தாங்க, ட்ரெக்கர்ஸ், கைடு, போர்ட்டர், யாக் மேய்க்கறவங்க எல்லாரும். கணவாய் உச்சில ஒரு கல்லுக் குடிசை டீக்கடை இருக்கு, அதுக்குள்ள ஒடுங்கி நின்னவங்க பாதி பேர் இங்கயே இருக்கலாம், பாதி பேர் இறங்கிடலாம்னு சண்டை, இறங்கினவங்கள்ல நிறைய பேர் வழி தெரியாம இடுப்பளவு பனியில மாட்டினாங்க. வங்காள விரிகுடாவுல என்ன ஓடுதுன்னு பாக்காம இமயமலைல ஏறாதீங்கன்னு நான் சொல்றது அதனாலதான்.

அந்தப் பக்கம் யாரோ காத்துட்டு இருக்காங்கன்னா வானத்தப் பாக்க மாட்டோம், கேலண்டரப் பாப்போம். அம்மா தரிசனம் பண்ணட்டும். நீங்க எப்போ வர்றீங்களோ அப்போ வாங்க. போகரால பாத்துக்கங்க.

15 செப்டம்பர் 2024, இரவு 1.15

நேத்து எழுதினதுக்கப்புறம் தூக்கம் வரல. முதல் நாள் எழுதினேன்ல, 2017ல வயிறு கெட்டுப்போய் திரும்பினேன்னு. ஏழு வருஷமா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டு இருக்கேன், வீட்ல உட்பட. வயிறு இல்ல.

ஜோம்சோம் ஃப்ளைட் முன்னாடியே புக் பண்ணி வச்சிருந்தேன், பொண்ணோட ஸ்கூல் ஃபங்ஷனுக்குள்ள ஊர் போகணும். மனாங்ல ரெண்டு ராத்திரிக்கு பதில் ஒன்னுதான். யாக் கர்காவுலயே தலை வலிச்சுது, காபி குடிக்காததுன்னு நினைச்சேன், அதாவது நினைச்சுக்கிட்டேன். ஃபேடியில சாப்புட்டது வாந்தி. அங்கயே படுக்காம மத்தியானமே ஹை கேம்ப் ஏறிட்டேன், நாளைக்கு ஈஸியா இருக்கும்னு. ராத்திரி எட்டு மணிக்கு ஆக்ஸிமீட்டர்ல 66 காட்டுச்சு. விரல் ஐஸா இருந்தா மெஷின் பொய் சொல்லும்னு படிச்சிருந்தேனா, அதையே பிடிச்சுக்கிட்டேன். தேச்சு சூடு பண்ணி வச்சேன், 67.

போர்ட்டர் பையனுக்கு இருபத்திரெண்டு வயசு இருக்கும். வெந்நி கொண்டு வந்தவன், நான் ஷூ லேஸ் கட்டறதப் பாத்துட்டு நின்னான். நான் கட்டிட்டே இருந்தேன். ரெண்டு நுனியும் கையில இருக்கு, அடுத்து என்ன பண்ணணும்னு வரல. முடிச்சு போடறதுங்கறது ஞாபகத்துலயே இல்ல. அவன் டார்ச்ச தரையில அடிச்சு அந்தப் பலகை இடுக்கு மேல நடங்க தாய்ன்னான் (நேபாளில தாய்ன்னா அண்ணன்), குதிகால நுனிக்கால்ல ஒட்டி ஒட்டி வச்சு. மூணாவது அடில கட்டில் மேல சாஞ்சேன். வெறும் குளிருன்னு சொன்னேன். அவன் பதிலே பேசல, என் ஸ்லீப்பிங் பேக்க சுருட்ட ஆரம்பிச்சுட்டான்.

ராத்திரி பத்து மணிக்கு அந்த செங்குத்துல என் பெல்ட்ட பின்னாடி பிடிச்சுக்கிட்டே ஃபேடிக்கு இறக்கினான். 430 மீட்டர். ரெண்டு மணி நேரமோ என்னமோ. அவன் கையில கிளவுஸ் இல்லங்கறத ஃபேடில விளக்கு வெளிச்சத்துலதான் பாத்தேன், அஞ்சு நாளா கூட நடந்தவன். விடியறப்போ தலைவலி பாதியாகி, மனாங் வந்தப்போ ஒன்னுமே இல்ல, பசிச்சுது. அது மூளை வீங்கறதோட ஆரம்பம்னு எய்ட் போஸ்ட் டாக்டர் சொன்னார். இன்னும் ஒரு ராத்திரி மேல இருந்திருந்தான்னு ஆரம்பிச்சு அவர் முடிக்கல.

ஃபுட் பாய்சன்னு சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அதான் சொன்னேன். கைடு எடுத்துக்கங்கன்னு சொன்னதும் இதுக்குத்தான், நம்ம மூளை நம்மகிட்டயே பொய் சொல்றப்போ வெளிய இருந்து பாக்க ஒரு கண்ணு வேணும்.

15 செப்டம்பர் 2024, மதியம்

ஆறுதல் எல்லாம் வேண்டாம்ங்க, நல்லாத்தான் இருக்கேன். கேள்வி கேளுங்க.

கிளவுஸ் விஷயம் மட்டும்: போர்ட்டர் எடுத்தா கிளம்பற அன்னிக்கே அவங்க ஷூ, ஜாக்கெட், கிளவுஸ், கண்ணாடி இருக்கான்னு கண்ணால பாருங்க, இன்ஷூரன்ஸ் இருக்கான்னு ஏஜென்சிகிட்ட பேப்பரா கேளுங்க. "எல்லாம் இருக்கு சார்"ங்கறது பேப்பர் இல்ல. உங்க இன்ஷூரன்ஸும் 6000 மீட்டர் வரைக்கும் கவர் பண்ணுதான்னு பாருங்க, பாதி பாலிசி 3000, 4000லயே நின்னுடும். ஹெலிகாப்டர் விஷயத்துல உஷாரு, லேசான தலைவலிக்கே வண்டி வரவழைச்சு பில் போடற கூத்து நடந்து 2018ல நேபாள அரசாங்கமே விசாரணை வச்சுது.

29 செப்டம்பர் 2024

நியூஸ் பாத்திருப்பீங்க. காத்மாண்டுல ரெண்டு நாளா மழை கொட்டி பாக்மதி ஆறு ஊருக்குள்ள வந்துடுச்சு, காத்மாண்டுக்குப் பக்கத்துலயே ஹைவேல மண் சரிஞ்சு பஸ்ஸோட ஜனங்க புதைஞ்சு போயிட்டாங்க. நீங்களும் அதே ரோட்டுலதான் போகணும். கிளம்பறதுக்கு இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கு, ரோடு திறந்துடுவாங்க, ஆனா பெசிசஹருக்கு நைட் பஸ் வேண்டாம், பகல்ல போங்க.

9 அக்டோபர் 2024

கடைசியா கணவாய் அன்னிக்கு. நாலு மணிக்கு ஃபேடியில கிளம்பிடுங்க, பத்து மணிக்கு மேல உச்சில காத்து ஆள சாய்க்கும். வழியில நாலஞ்சு தடவ "இதோ வந்துடுச்சு"ன்னு தோணும், மேடு ஏறிப் பாத்தா பின்னாடி இன்னொரு மேடு. அழுகை வந்தா நார்மல். குதிரைக்காரங்க பக்கத்துலயே வருவாங்க, ஏறுங்க ஏறுங்கன்னு, ஏறிப்போனா ஒன்னும் கௌரவக் குறைச்சல் இல்ல, ஆனா தலைவலியோட குதிரை ஏறாதீங்க, தலைவலிக்கு குதிரை கீழ்ப்பக்கம்தான்.

திடீர்னு கொடிக் கயிறா தெரியும், மஞ்சள் செவப்பு பச்சைன்னு ஆயிரக்கணக்குல, அவ்ளோதான் உச்சி. 2022ல நான் அங்க நின்னது மொத்தம் பன்னண்டு நிமிஷம். ஒரு லெமன் டீ குடிச்சேன், உதட்டுல வைக்கறதுக்குள்ள ஆறிடுச்சு. ஃபோட்டோல கண்ணு ரெண்டும் பாதி மூடி இருக்கேன். பெருசா எதுவும் தோணல, மூக்கு ஒழுகிட்டே இருந்துது.

எல்லாரும் ஏத்தத்தப் பத்தியே பேசறாங்க, இறக்கம் 1600 மீட்டருக்கு மேல. முட்டி அங்கதான் போகும். குச்சி ரெண்டு வேணும், ஒன்னு பத்தாது. சரபுன்னு ஒரு இடத்துல டீக்கடை வர்ற வரைக்கும் ஒன்னும் கிடையாது.

முக்திநாத்ல 108 தாரைல குளிக்கணும்னு அம்மா சொல்லுவாங்க. இறங்கின அன்னிக்கே வேண்டாம், தலைய நனைச்சுக்கங்க போதும். அங்க பூஜை, பராமரிப்பு எல்லாம் பௌத்த பிக்குணிகளோடது, அவங்களுக்கு அது சுமிக் கியாட்சா, நூறு நீர். பக்கத்து ஜ்வாலா மாயில பாறைக்குள்ள இருந்து கேஸ் வந்து நீலமா ஒரு குட்டி ஜ்வாலை எரியுது, குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். சாளக்கிராமக் கல்லு எல்லாம் காளி கண்டகி ஆத்துல வர்றது, உள்ள சுருளா இருக்கறது கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல்ல இருந்த உயிரோட அச்சு, அந்த மலையெல்லாம் ஒரு காலத்துல கடலடி. திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரம் பாடியிருக்கார் இந்த ஊருக்கு. குதிரைக்காரர்தான் அவரு, ஆனா ஃபேடி பக்கமா வந்திருக்க மாட்டார்.

23 அக்டோபர் 2024

தம்பி இன்னிக்கு யாக் கர்கா சேந்திருக்கணும். படிச்சா பாத்துக்கங்க: வங்காள விரிகுடாவுல டானான்னு ஒரு புயல், நாளைக்கு ராத்திரி ஒடிசால கரை ஏறும்ங்கறாங்க. ஹுட்ஹுட் மாதிரி வடக்க வளையுமான்னு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ மேப் பாத்துட்டு இருக்கேன். ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர், ஒடிசால சொந்தக்காரங்களான்னு கேக்கறார்.

25 அக்டோபர் 2024, மதியம்

கரை ஏறி ஒடிசாலயே வலு குறையுது. வடக்க வரல. அப்பாடா.

தம்பிகிட்ட இருந்து மெசேஜ்: ஃபேடி வைஃபைல இருந்து ரெண்டு வரி. ராத்திரி தலைவலி, கைடு இன்னிக்கு வேண்டாம்னுட்டார், இங்கயே உக்காந்திருக்கேன், அம்மா அங்க கோயில் வாசல்ல உக்காந்திருக்காங்க, வானம் சுத்தமா நீலமா இருக்கு, ரொம்ப கடுப்பா இருக்கு அண்ணா.

கடுப்பாத்தான் இருக்கும். பதில் எழுதி நாலு தடவ அழிச்சேன், கடைசில "தண்ணி குடிங்க"ன்னு மட்டும் அனுப்பினேன்.

2 நவம்பர் 2024

தீபாவளிக்கு முதல் நாளே சென்னை வந்துட்டாராம், நேத்து அரை மணி நேரம் பேசினோம். 25ஆம் தேதி மத்தியானமே தலைவலி விட்டுடுச்சு, 26 காலைல ஏறி எட்டே முக்காலுக்கு உச்சி. சாயங்காலம் நாலு மணிக்கு ராணிபவா, அதாவது முக்திநாத் கீழ லாட்ஜுங்க இருக்கற தெரு. அம்மா குரூப் அன்னிக்கு விடிகாலைலயே ஜோம்சோமுக்கு ஜீப் ஏறிட்டாங்க, அங்க ஃப்ளைட் எல்லாம் காத்து கிளம்பறதுக்கு முன்னாடி காலைலதான். அரை நாள்ல தவறிட்டுது.

லாட்ஜ் அக்கா ஒரு எவர்சில்வர் டப்பாவ எடுத்துக் குடுத்தாங்களாம், "ஆமா, ஆமா"ன்னாங்களாம். நேபாளில ஆமான்னா அம்மா, இவரு எதுக்கு இந்தக்கா எல்லாத்துக்கும் ஆமா போடறாங்கன்னு முழிச்சிருக்கார். உள்ள துளசி கொஞ்சம், நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பொட்டலம், யாத்திரை குரூப் நோட்டீஸ் பின்பக்கம் பென்சில்ல "சாப்டு, அப்புறம் ஏறி சேவி, உனக்கும் சேத்து நனைஞ்சுட்டேன்"னு. ரெண்டு நாள் கழிச்சு போகரால அம்மாவப் பாத்திருக்கார், முதல் கேள்வி குளிச்சியான்னுதானாம்.

நான் சொன்னதுல ஒன்னு தப்பாம்: சீ பக்தார்ன் ஜூஸ் மனாங்ல மட்டும் இல்ல, முக்திநாத் பக்கமும் கிடைக்குதாம். மங்கி குல்லா விஷயம் நூத்துக்கு நூறுன்னார்.

3 நவம்பர் 2024

லார்க்யா லா, 5106 மீட்டர், அடுத்த வருஷம் 11 நாள் லீவுல போலாமான்னு அதுக்குள்ள கேட்டிருக்கார். அது மனாஸ்லு பக்கம், தனி பர்மிட், கைடோடதான் போகணும். அதுக்கு வேற இழை ஆரம்பிங்க, இதுல பூண்டு சூப் பத்தி இன்னும் ரெண்டு பேர் சண்டை போட்டுட்டு இருக்காங்க.